டாட்ஸ்வொர்த் (1936): ஒரு திருமணம் முறிவதைப் பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், தாம் உருவாக்கிய கார் கம்பெனியை விற்றுவிட்டு மனைவியோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறார். போன இடத்தில் இருபதாண்டு இல்லறம் உடைகிறது. 'டாட்ஸ்வொர்த்' படத்தின் கதை இவ்வளவுதான். கொலையோ கொடிய நோயோ போரோ இதில் கிடையாது. இருந்தும், திருமண வாழ்க்கையைப் பற்றி ஹாலிவுட் எடுத்த பழைய படங்களில் இவ்வளவு முதிர்ச்சியான இன்னொன்றைச் சொல்வது எனக்குக் கடினம்.

பார்த்தவர்கள் பலர் 'நல்ல கணவன், பொல்லாத மனைவி' என்ற ஒரே வரியில் படத்தை முடித்துவிடுகிறார்கள். அது ஃபிரான் என்ற அந்த மனைவிக்கும் படத்தை எடுத்தவர்களுக்கும் செய்யும் அநியாயம். படத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல்முறை கணவரோடும், மறுமுறை மனைவியோடும் போக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பார்ப்பதற்கு முன் தெரிய வேண்டியது

அதிகம் தேவையில்லை. 1930-இல் நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்க எழுத்தாளர் சின்கிளேர் லூயிஸ் 1929-இல் எழுதிய நாவல்தான் மூலம். அதை சிட்னி ஹோவர்ட் நாடகமாக்கினார். 1934-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அது வெற்றிகரமாக ஓடியது. அதில் சாம் டாட்ஸ்வொர்த்தாக நடித்த வால்டர் ஹியூஸ்டனே படத்திலும் சாம். திரைக்கதையும் ஹோவர்ட்தான். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், இயக்குநர் வில்லியம் வைலர்.

மேடையில் பலநூறு இரவுகள் ஒரு பாத்திரத்தோடு வாழ்ந்த நடிகர், கேமரா முன் எவ்வளவு அடக்கமாக இருக்கிறார் என்பதை முதலிலிருந்தே பாருங்கள். மேடை நடிகர்களிடம் அக்காலத்தில் சாதாரணமாகத் தெரியும் குரல் ஏற்றமும் கையசைப்பும் இவரிடம் இல்லை. தொப்பியைக் கழற்றும் விதத்திலும் நாற்காலியில் சாயும் விதத்திலும் ஒரு தொழிலதிபரின் பழக்கவழக்கம் முழுவதும் வந்துவிடுகிறது.

பெயர்கள் குழப்பாமலிருக்க ஒரு சிறு குறிப்பு. ஃபிரானாக ரூத் சாட்டர்டன். ஐரோப்பாவில் அவள் வாழ்க்கையில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள்: கப்பலில் ஆங்கிலேயர் லாக்கர்ட் (டேவிட் நிவன், அப்போது இளைஞர்), பாரிஸில் பணக்காரர் ஐசலின் (பால் லூகாஸ்), வியன்னாவில் இளம் பிரபு கர்ட் (கிரிகோரி கே). சாம் கப்பலில் சந்திக்கும் ஈடித் கார்ட்ரைட், இத்தாலியில் தனியாக வாழும், விவாகரத்தான அமெரிக்கப் பெண். அவராக நடிப்பவர் மேரி ஆஸ்டர்.

சாமின் ஊரான ஜெனித், லூயிஸ் கற்பனையில் உருவாக்கிய அமெரிக்க மத்திய மேற்கு நகரம். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சீட்டாட்டமும் கிளப்பும் வங்கியும் விருந்தும் அங்கே ஒரே வட்டத்துக்குள் நடப்பவை. ஃபிரானின் தவிப்பு அந்த ஊரில்தான் தொடங்குகிறது என்பதால் இதை மறக்க வேண்டாம்.

படி 2: முதல்முறை, சாமோடு

101 நிமிடங்களையும் ஒரே அமர்வில் பாருங்கள். துண்டு துண்டாகப் பார்த்தால் இந்தப் படம் தோற்றுவிடும். ஒரு காட்சியில் பட்ட சிறு காயம் அடுத்த ஊரில்தான் வலிக்கத் தொடங்கும். வசனங்கள் வேகமானவை, நாடகத்திலிருந்து வந்தவை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டிலை வைத்துக்கொள்வது நல்லது. ஒலி தேய்ந்த மோசமான பிரதிகள் இணையத்தில் உலவுகின்றன. தெளிவான பிரதி கிடைக்கும்வரை காத்திருக்கலாம். முகங்களை நம்பி எடுக்கப்பட்ட படம் இது, மங்கலான முகத்தில் பாதிப் படம் போய்விடும்.

முதல் பத்து நிமிடத்தில் ஒரு கேள்வியை மட்டும் மனதில் வையுங்கள்: வேலை போனபின் இந்த மனிதர் யார்? அவருக்கே விடை தெரியாது. கப்பல் இங்கிலாந்துக் கரையை நெருங்கும்போது தொலைவில் தெரியும் கலங்கரை விளக்கைப் பார்த்து சிறுவனைப் போலத் துள்ளுகிறார். பாரிஸில் கைநூலோடு ஊர் சுற்றுகிறார். கற்றுக்கொள்ள ஆசைப்படும் மனிதர், ஆனால் தம்மோடு சேர்ந்து வியக்க ஆளில்லாமல் தனித்துப் போகிறார். அந்த வியப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒருத்தி கப்பலின் மேல்தளத்திலேயே கிடைத்துவிடுகிறாள் என்பதைப் படம் அலட்டிக்கொள்ளாமல் காட்டிவிட்டு நகர்கிறது.

முதல் பார்வையில் யாரையும் எடைபோட வேண்டாம். சாமின் பக்கம் உங்கள் மனம் சாயும், சாயட்டும். படம் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

இனி வருவது முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடும். படத்தைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்தபின் திரும்பி வரலாம்.

படி 3: இரண்டாம் முறை, ஃபிரானோடு

இதுதான் வழிகாட்டியின் மையம். மறுபடி பார்க்கும்போது சாம் பேசினாலும் ஃபிரானின் முகத்தையே பாருங்கள்.

அவள் என்ன கேட்கிறாள்? மிக இளம் வயதில் கல்யாணம் செய்துகொண்டு, இருபது ஆண்டுகள் ஒரு தொழிலதிபரின் வீட்டை நிர்வகித்து, மகளை வளர்த்து, இப்போது கட்டிக்கொடுத்தும் ஆகிவிட்டது. கணவருக்கு இந்த இருபது ஆண்டும் சாதனை. அவளுக்கோ யாரும் கணக்கில் எடுக்காத காலம். தன் வயதுப் பெண்ணை ஐரோப்பாவில்தான் ஆண்கள் மதிப்போடு பார்க்கத் தொடங்குகிறார்கள் என்று அவள் சொல்லும்போது அதில் அசட்டுத்தனம் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. 'நீங்கள் முதுமையை நோக்கி ஓடுகிறீர்கள், நான் இன்னும் அதற்குத் தயாராகவில்லை' என்ற பொருளில் அவள் சாமிடம் சொல்வதுதான் படத்தின் அச்சாணி. அதைச் சொல்லும் குரலில் கோபத்தைவிட நடுக்கம் அதிகம்.

சாமின் தவறுகளையும் இந்தப் பார்வையில்தான் பிடிக்க முடியும். அவர் மனைவியை ஆராதிக்கிறார். ஆனால் ஒரு குழந்தையிடம் காட்டும் செல்லமாக அதைக் காட்டுகிறார். அவள் வம்பில் சிக்கினால் சிரித்துவிடுகிறார். லாக்கர்ட் அவளைக் கப்பலில் அவமானப்படுத்திவிட்டுப் போனபின் அவள் கலங்கி நிற்கிறாள். இங்கிலாந்து வேண்டாம், நேராக பாரிஸுக்கே போய்விடலாம் என்கிறாள். அவரும் சம்மதிக்கிறார். அவள் எதிலிருந்து ஓடுகிறாள் என்ற கேள்வியை இருவரும் அதற்குமேல் தொடவில்லை. அன்பு குறையாத வீட்டிலும் உரையாடல் செத்துப்போகலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பிறகு ஃபிரானின் பிறந்தநாள் விருந்து. முப்பத்தைந்து வயதாவது எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காது என்று அவள் சலித்துக்கொள்கிறாள். தன் வயதுக்கு வந்தபின் திரும்பிப் பார்த்தால் முப்பத்தைந்து இனிமையான பருவமாகத் தெரியும் என்கிறார் ஈடித். 'உங்கள் வயதில் நானும் உங்களைப் போல இளமையாக இருந்தால் நன்றாக இருக்கும்' என்று ஃபிரான் குத்துகிறாள். 'கட்டாயம் இருப்பீர்கள்' என்கிறார் ஈடித், மென்மையாக. ஃபிரான் தன் வயதைக் குறைத்துச் சொல்கிறாள் என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. ஆனால் சிறிது நேரம் கழித்து, ஐசலினோடு நெருங்கிக்கொண்டிருக்கும் ஃபிரானிடம் அதே ஈடித் தாழ்ந்த குரலில், வேண்டாம் என்கிறார். வெற்றிபெற்ற பெண் தோற்றவளை எச்சரிக்கிறாள். ஈடித்தை எதிரியாக மட்டும் எழுதியிருந்தால் அந்த ஒற்றைச் சொல் வந்திருக்காது.

படம் வந்தபோது சாட்டர்டனுக்கு வயது 43. மேரி ஆஸ்டருக்கு 30. தன் வயதை மறைக்கும் பெண்ணாக மூத்தவரும், வயதை ஒப்புக்கொண்ட பெண்ணாக இளையவரும் நடித்திருக்கிறார்கள். சாட்டர்டன் ஒருகாலத்தில் ஹாலிவுட்டின் உச்ச நட்சத்திரங்களில் ஒருவர். இந்தப் படத்துக்குப்பின் அவருக்கு அங்கே பெரிய வேடம் ஏதும் அமையவில்லை. ஃபிரானை எப்படிக் காட்டுவது என்பதில் அவருக்கும் வைலருக்கும் படப்பிடிப்பு முழுவதும் உரசல் இருந்தது. அவளை இன்னும் இரக்கத்தோடு காட்ட இயக்குநர் விரும்பினார். திரையில் தெரியும் ஃபிரான் அந்த இழுபறியில் பிறந்தவள். ஒரு கணம் வெறுக்க வைப்பாள், அடுத்த கணம் தொண்டையை அடைக்க வைப்பாள்.

வியன்னாவில் இருக்கும்போது பாட்டியான செய்தி வருகிறது. பேரன் பிறந்த மகிழ்ச்சியை இளம் பிரபுவிடமிருந்து மறைக்க வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு. சிரிப்புக்கு இடமுள்ள காட்சிதான். என்னால் அங்கே ஒருபோதும் சிரிக்க முடிந்ததில்லை.

படி 4: நான்கு காட்சிகள், நிறுத்தி நிறுத்தி

வைலரின் கலை கண்ணை உறுத்தாது. அதனால்தான் சில காட்சிகளை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தொடக்கம். பெரிய அலுவலக அறை. சாம் நமக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நிற்கிறார். வெளியே அவர் பெயர் தாங்கிய தொழிற்சாலை. கேமரா மெல்ல அவரை நெருங்குகிறது. முகத்தைக் காட்டாமலேயே ஒரு வாழ்க்கை முடிந்ததைச் சொல்லியாகிவிட்டது. பிறகு தொழிலாளர்களிடையே நடந்து வெளியேறுகிறார். ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டே, டிரையர் இயக்கிய ஜோன் ஆஃப் ஆர்க் மௌனப் படத்துக்கு 1928-இல் ஒளிப்பதிவு செய்தவர்; மனித முகத்தை மிக அருகில் படித்த கண். அப்படிப்பட்டவர் இங்கே ஒரு முதுகைப் படம்பிடிக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இரண்டாவது, கடிதம். சாம் ஊர் திரும்பிவிட்டார். ஃபிரான் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூவில், ஐசலினின் அருகில். சாமின் கடிதத்துக்கு ஐசலின் தீ வைக்கிறான். எரியும் காகிதம் மாடித் தரையில் காற்றில் நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. அது சரியாக நின்று நகர வேண்டும் என்பதற்காக வைலர் திரும்பத் திரும்ப எடுத்தார் என்பது படப்பிடிப்பைப் பற்றிப் பலமுறை எழுதப்பட்ட கதை. அன்றைய தணிக்கையில் கள்ளக்காதலைக் காட்ட முடியாது. கருகும் ஒரு தாள் அதைச் சொல்லிவிடுகிறது. அவசரமாக எடுத்திருந்தால் அது வெறும் எரிந்த காகிதமாக இருந்திருக்கும்.

மூன்றாவது, ஃபிரான் மணக்க நினைக்கும் கர்டின் தாய். மரியா ஊஸ்பென்ஸ்காயா படத்தில் வருவதே இந்த ஒரே காட்சியில். சிறிய உருவம், கறுப்பு உடை, ஏறாத குரல். மதத்தைச் சொல்கிறார், பிள்ளைப்பேற்றைச் சொல்கிறார், கடைசியாக, இளம் கணவனின் வயதான மனைவிக்கு எவ்வளவு சொற்ப மகிழ்ச்சி கிடைக்கும் என்று நினைத்துப் பார்த்தாயா என்று கேட்கிறார். படம் முழுவதும் ஃபிரான் ஓடி ஒளிந்த சொல்லை முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவர்தான். ஃபிரான் நொறுங்கும்போது கேமரா துள்ளவில்லை, இசை அலறவில்லை. துணை நடிகைக்கான ஆஸ்கர் பிரிவு முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட ஆண்டில் இந்தச் சில நிமிடங்களுக்காகவே அவர் பரிந்துரைக்கப்பட்டார்.

நான்காவது, கப்பல். கர்டோடு திருமணம் கைகூடாமல் ஃபிரான் அழைக்கிறாள், சாம் கடமை என்று போகிறார். கப்பல் புறப்படும் நேரம். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள்: அந்தத் தாயின் மேல் குறை, மற்றப் பயணிகள் மேல் குறை, சாமின் மேல் குறை. ஹியூஸ்டனின் முகத்தை மட்டும் பாருங்கள். ஒரு மனிதர் இருபது ஆண்டு முடிவை இருபது நொடியில் எடுப்பது அதில் தெரியும். அன்பு தற்கொலைக்குச் சற்று முன்பாவது நின்றாக வேண்டும் என்ற பொருள்பட அவர் சொல்லும் வசனம் புகழ்பெற்றது. எனக்கு அதைவிட வலிப்பது அதற்கு முன் வருவது. தன் கதி என்ன என்று அவள் கேட்க, ஒருநாள் நீ இளையவளாகிக்கொண்டே போவதை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்கிறார். அதில் வன்மம் இல்லை. முதன்முறையாக அவளை வளர்ந்த பெண்ணாக நடத்துகிறார், அதுவும் பிரியும்போது.

படி 5: ஈடித்தையும் மேரி ஆஸ்டரையும் சேர்த்துப் பார்த்தல்

அந்தக் கப்பல் காட்சிக்கு முன்பே, இத்தாலியின் நேப்பிள்ஸில் தபால் வாங்கப் போன இடத்தில் சாம் ஈடித்தை மீண்டும் காண்கிறார். அவருடைய கடலோர வீட்டில் தங்குகிறார். இங்கே பலர் 'அமைதியான காதல்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உற்றுப் பாருங்கள்: சாம் ஓய்வெடுக்கவில்லை. மாஸ்கோவையும் சியாட்டிலையும் இணைக்கும் விமான சேவை தொடங்க வேண்டும் என்று திட்டம் போடுகிறார். ஈடித் அவரை மடியில் கிடத்தித் தாலாட்டுபவர் அல்லர். அவரோடு வரத் தயாராக இருப்பவர். முதிய வயதுக் காதலை வாழ்க்கையின் இறுதி இளைப்பாறலாகக் காட்டாமல் புது வேலையின் தொடக்கமாகக் காட்டியதுதான் இந்தப் படத்தின் துணிச்சல். சாம் முதல் காட்சியில் இழந்தது தொழிலை. அதைத் திரும்பத் தருவதும் காதல்தான்.

படப்பிடிப்பு நடந்த 1936 கோடையில் மேரி ஆஸ்டர் தம் முன்னாள் கணவரோடு மகளின் பொறுப்புக்காக நீதிமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய நாட்குறிப்பு பத்திரிகைகளின் தலைப்புச் செய்தியானது. பகலில் படப்பிடிப்பு, இரவில் விசாரணை. அவரைப் படத்திலிருந்து நீக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தியும் கோல்ட்வின் நீக்கவில்லை. சாட்சிக் கூண்டில் நிமிர்ந்து நிற்க ஈடித்தின் நிதானமே தமக்குத் துணைநின்றது என்று ஆஸ்டர் பின்னாளில் எழுதினார். வைலருக்கும் அந்த ஆண்டில்தான் நடிகை மார்கரெட் சல்லவனுடனான மணவாழ்க்கை முடிந்தது. உடைந்த திருமணங்களைக் கேள்வியறிவால் மட்டும் அறிந்தவர்கள் எடுத்த படமல்ல இது.

படி 6: தணிக்கை இதை எப்படி விட்டது?

1934 ஜூலை முதல் ஜோசப் பிரீனின் அலுவலகம் ஹாலிவுட் படங்களை வரிவரியாகச் சலித்தது. திருமணத்தின் புனிதத்தைப் போற்ற வேண்டும், பிறன்மனை உறவைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது என்பது விதி. அப்படிப்பட்ட காலத்தில் கணவன் மனைவியை விட்டு இன்னொரு பெண்ணிடம் போவதில் ஒரு படம் முடிகிறது, பார்ப்பவர் மனம் அதை வாழ்த்துகிறது. சாம் கடைசிவரை தாங்குவதும், மீறல் முதலில் மனைவியிடமிருந்து வருவதும், அவள் தண்டனை பெறுவதும் கதையை அந்தக் காலத்து வாசலுக்குள் நுழைய உதவின. அதற்கு விலை கொடுத்தவள் ஃபிரான். சாமின் பிழைகள் மங்கலாக்கப்பட்டு அவளுடையவை கூர்மையாக்கப்பட்டதில் அந்தக் கால ஒழுக்கத்தின் கையும் இருக்கிறது. இரண்டாம் பார்வை தேவை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7 ஆஸ்கர் பரிந்துரைகள். கலை இயக்கத்துக்காக ரிச்சர்ட் டே வென்றார். ஹியூஸ்டனுக்கு நியூயார்க் விமர்சகர்களின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 1990-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்க்கப்பட்டது. நடிகர்கள் ஐரோப்பா பக்கமே போகவில்லை. அந்த ஊர்களை நம்ப வைத்தவை டேயின் அரங்குகளும் பின்திரையில் ஓடிய காட்சிகளும்தான். கலை இயக்க விருது சரியான கைக்குப் போயிருக்கிறது.

படி 7: துணையோடு பார்த்தால்

கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்க ஏற்ற படம். பார்த்த உடனே யார் சரி என்று பேசத் தொடங்கிவிடாதீர்கள். அந்த விவாதம் பத்து நிமிடத்தில் உங்கள் சொந்த வீட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் விட்டு, இரண்டு கேள்விகளைப் பேசிப் பாருங்கள். சாம் எந்த இடத்தில் வேறு மாதிரி நடந்திருந்தால் இந்தத் திருமணம் பிழைத்திருக்கும்? ஜெனித் ஊரிலேயே இருந்திருந்தால் ஃபிரான் மகிழ்ச்சியாக இருந்திருப்பாளா? முதல் கேள்விக்கு என் விடை, அந்தக் கப்பலில் லாக்கர்ட் போன இரவு. இரண்டாவதற்கு, இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். அங்கேயே இருந்திருந்தால் அவள் மெதுவாக, சத்தமில்லாமல் உடைந்திருப்பாள், சாமுக்கு அது தெரிந்தே இருக்காது.

அடுத்த படமாக, லியோ மெக்கேரி 1937-இல் இயக்கிய 'மேக் வே ஃபார் டுமாரோ'வை வைத்துக்கொள்ளுங்கள். அதில் வயதான தம்பதியரின் அன்பு கடைசிவரை குறைவதில்லை. அவர்களைப் பிரிப்பது பிள்ளைகளும் பணமும். இரண்டுக்கும் நடுவே ஒருவார இடைவெளி விடுவது நல்லது, ஏனென்றால் இரண்டாவது படம் முதலாவதைவிடக் கடுமையாக மனதைப் பிழியும்.